பாதாம் வாங்க வசதி இல்லாதவர் பத்தியம் இருக்கக் கூடாதா?



பதிவு நீளம். பொறுமை இல்லாதவர்கள் இப்போதே நகர்ந்துவிடலாம், எனக்கு வருத்தமில்லை. இதைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டால் இரண்டு மருமகன்களுக்கும் ஒரு நாத்தனாருக்கும் கோபம் வரும். இங்கே போட்டாலும் வரும்தான். ஆனால் இங்கே என்னிடம் படித்தவர்கள் இருக்கிறீர்கள், எனக்குத் துணைக்கு.

"சர்க்கரை இருக்கா? சோறு, இட்லி, பிஸ்கட்டையெல்லாம் குறைங்க, நட்ஸ் சாப்பிடுங்க." இப்போது எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் யாராவது ஒருவர் இதைச் சொல்கிறார். இந்த அறிவுரையில் பாதி சரி. மீதிப் பாதி பம்மாத்து. நட்ஸ் என்றால் பாதாம்தான் என்று நினைப்பது ஒரு பம்மாத்து. சாப்பிடுவதில் எதையும் குறைக்காமல் அதற்கு மேல் நாலு பாதாமைப் போட்டுக்கொண்டு "நான் டயட்ல இருக்கேன்" என்பது இன்னொரு பம்மாத்து. இரண்டையும் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய்த்தான் எழுதுகிறேன்.

நான் டாக்டர் இல்லை. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்து ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளில் காலம் முழுக்கக் கூட்டல் கழித்தல் சொல்லிக் கொடுத்தவள். எனக்கும் ஒன்பது வருடமாகச் சர்க்கரை உண்டு. மாத்திரை எழுதுவது டாக்டர் வேலை, அதில் நான் தலையிட மாட்டேன். கணக்கு என் வேலை. அந்தக் கணக்கை யாரும் போடாததுதான் என் குறை.

முதலில் எனக்குக் கோபம் வந்த கதை. எங்கள் பழைய பள்ளிச் சத்துணவுக் கூடத்தில் சமைத்த அம்மா ஒருவர். ஐம்பத்தெட்டு வயது இருக்கும். போன மாதம் பஸ் நிறுத்தத்தில் பார்த்தேன். கால் விரலில் கட்டு. "சர்க்கரை முன்னூறுக்கு மேல போயிடுச்சு டீச்சர்" என்றார். சாப்பாட்டில் ஏதாவது மாற்றினீர்களா என்று கேட்டேன். "அதெல்லாம் வசதி இருக்கிறவங்களுக்கு டீச்சர். பாதாம், பிஸ்தா, வால்நட்டுன்னு எழுதிக் குடுத்தாங்க. கிலோ என்னா வெல விக்குது! நமக்கெல்லாம் அது கட்டுப்படி ஆவுமா?" என்றார். கையில் ஒரு பொட்டலம் வைத்திருந்தார். டீக்கடையில் வாங்கிய வர்க்கி. நாலு மணிக்குப் பசிக்கிறதாம்.

அவருடைய வீட்டுக்காரர் குத்தகைக்கு எடுத்து மல்லாட்டை போடுகிறவர். வீட்டில் ஒரு மூட்டை மல்லாட்டை கிடக்கிறது! (வெளியூர் மருமகள்களுக்காக: மல்லாட்டை என்பது எங்கள் விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துப் பேச்சு. மணிலாக் கொட்டை தேய்ந்து மல்லாட்டை ஆயிற்று. வேர்க்கடலை, நிலக்கடலை, கடலக்காய் எல்லாம் அதுதான்.) மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டு, பாதாம் வாங்க முடியவில்லை என்று வர்க்கி தின்கிறார் அந்த அம்மா. அவர் மேல் தப்பே இல்லை. பாதாமை மட்டும் எழுதிக் கொடுத்தவர்கள்மேல் தப்பு. அதைப் பார்த்துப் பார்த்து ஃபார்வர்டு செய்கிற நம் மேலும் தப்பு.

சரி, கணக்குக்கு வருவோம். நோட்டை எடுங்கள்.

100 கிராம் வேர்க்கடலையில் மாவுச்சத்து (நீங்கள் கார்ப்ஸ் என்கிறீர்களே, அது) ஏறக்குறைய 16 கிராம். அதில் பாதிக்குமேல் நார்ச்சத்து. நார்ச்சத்து சர்க்கரையாக மாறி ரத்தத்தில் ஏறாது. புரதம் 25 கிராம். 100 கிராம் பாதாமில் மாவுச்சத்து 21 அல்லது 22 கிராம், அதிலும் பாதிக்குமேல் நார். புரதம் 21. இரண்டுக்கும் என்ன பெரிய வித்தியாசம்? மாவுச்சத்தைக் குறைக்கத்தான் நட்ஸ் என்றால், அந்தப் பரீட்சையில் மல்லாட்டை பாதாமுக்குச் சமமாக மார்க் வாங்குகிறது, புரதத்தில் நாலு மார்க் அதிகம்கூட. எங்கள் ஊர் மளிகைக் கடையில் பாதாம் கிலோ 900 ரூபாய்க்குக் குறைந்து கிடைப்பதில்லை. வேர்க்கடலைப் பருப்பு அதில் ஐந்தில் ஒரு பங்கு விலை.

பாதாமுக்கு நியாயமாகச் சேர வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். வைட்டமின் ஈ, சுண்ணாம்புச்சத்து இரண்டும் பாதாமில் அதிகம். வால்நட்டில் உள்ள ஒமேகா 3 கொழுப்பு வேர்க்கடலையில் இல்லை. வசதி உள்ளவர்கள் சாப்பிடுங்கள், யார் வேண்டாம் என்றது? சர்க்கரைக்காரருக்கு அதுதான் மருந்து, அது இல்லாவிட்டால் பத்தியமே இல்லை என்று ஏழை வீட்டில் போய்ச் சொல்லாதீர்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

இப்போது நாலு மணிக் கணக்கு. இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்ட டீ, நாலு மேரி பிஸ்கட். சர்க்கரையில் 8 முதல் 10 கிராம் மாவுச்சத்து, பிஸ்கட்டில் ஏறக்குறைய 17 கிராம். மொத்தம் 25க்கு மேல். அதே நேரத்தில் சர்க்கரை போடாத டீயும் ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம், வறுத்த வேர்க்கடலையும் எடுத்தால்? கடலையில் 5 கிராம், டீயில் உள்ள பாலுக்கு ஒரு சில கிராம். இதுதான் விஷயம் முழுவதும். ஒன்றை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இன்னொன்றை வைப்பது. கழித்துவிட்டுக் கூட்ட வேண்டும். நம் ஜனங்கள் கழிப்பதே இல்லை, கூட்டல் மட்டும் செய்கிறார்கள்.

எங்கள் உறவில் ஒருவர், அண்ணன் முறை, பெயர் வேண்டாம், இந்தப் பதிவைப் படிப்பார். இரவே ஒன்பது பாதாமை ஊறவைத்து, காலையில் தோலை உரித்து, பூஜை மாதிரி ஒவ்வொன்றாக மென்று சாப்பிடுவார். நல்லது. அப்புறம் ஆறு இட்லி. அப்புறம் "கொஞ்சம் பொங்கல் இருந்தா வைம்மா." அண்ணே, அந்த ஒன்பது பாதாம் என்ன மந்திரமா, உள்ளே போய் ஆறு இட்லியையும் கரைத்துவிட? போதாததற்கு, நாரும் மற்ற சத்தும் இருக்கிற அந்தத் தோலை உரித்துக் குப்பையில் போடுகிறீர்கள்.

சென்னையில் நீரிழிவு ஆராய்ச்சி செய்கிறவர்கள் 2018இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். சர்க்கரை உள்ள 300 பேர். ஒரு பாதிக்குப் பத்திய உணவோடு தினம் 30 கிராம் முந்திரி, 12 வாரம். மறு பாதிக்குப் பத்திய உணவு மட்டும். முந்திரி சாப்பிட்டவர்களுக்கு ரத்த அழுத்தத்தின் மேல் எண் குறைந்தது, நல்ல கொலஸ்ட்ரால் கூடியது, எடையும் ஏறவில்லை. எல்லாம் சந்தோஷமான செய்தி. ஆனால் ரத்தச் சர்க்கரையில் இரண்டு குழுவுக்கும் பெரிய வித்தியாசம் வரவில்லை. நட்ஸ் சர்க்கரையை இறக்குகிற மாத்திரை அல்ல என்பதற்கு இதைவிடப் பக்கத்தில் சாட்சி வேண்டுமா?

நம் சிக்கல் எங்கே இருக்கிறது என்று ஐ.சி.எம்.ஆர் கணக்கெடுப்பு சொல்கிறது. 2023இல் வந்த முடிவின்படி நாட்டில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை, அதன் வாசலில் நிற்பவர்கள் இன்னும் 13 கோடிக்கு மேல். நாம் சாப்பிடுவதில் கிடைக்கிற சக்தியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்று 2025இல் சொன்னார்கள். தட்டில் மலையாக இருப்பது சோறு. 200 கிராம் சோற்றிலேயே 55 கிராம் மாவுச்சத்து. மலை அப்படியே இருக்க, ஓரத்தில் நாலு பாதாமை வைத்து என்ன பயன்?

அடுத்தது ஒரு தமிழ்ப் பாடம். இது எனக்கு மிகவும் முக்கியம்.

நட்ஸ் என்பதற்கு நம் வாயில் தனிச் சொல் இல்லை. கொட்டை என்றால் புளியங்கொட்டையும் கொட்டைதான். பருப்பு என்றால் பாதாம் பருப்பும் பருப்பு, துவரம் பருப்பும் பருப்பு. கடலை என்றால் கேட்கவே வேண்டாம். வேர்க்கடலை, கொண்டைக்கடலை, பொட்டுக்கடலை, பட்டாணிக்கடலை. டாக்டர் "கடலை சாப்பிடலாம்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டு விடுகிறார். வீட்டுக்கு வந்தவர் டப்பாவைத் திறந்து பொட்டுக்கடலையை அள்ளுகிறார். பொட்டுக்கடலையில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 58 கிராம் மாவுச்சத்து! வேர்க்கடலையைப்போல் மூன்றரை மடங்கு. பொட்டுக்கடலை கெட்டது என்று சொல்லவில்லை, அதிலும் புரதம் நிறைய உண்டு, வர்க்கிக்கு அது எவ்வளவோ மேல். ஆனால் "கடலைதானே" என்று கணக்கில்லாமல் மென்றால் மெஷினில் எண் ஏறும்போது அழக்கூடாது. ஒரே பெயர், உள்ளே சரக்கு வேறு.

தாவரவியல்படி பார்த்தால் வேர்க்கடலை நட்டே இல்லை, அவரை, துவரை வகையறா. ஐந்தாம் வகுப்பில் உங்களைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போய், மேலே பூத்த பூ மண்ணுக்குள் ஊசி இறக்கிக் காய் வைப்பதைப் பிடுங்கிக் காட்டினேனே, ஞாபகம் இருக்கிறதா? பிறந்த குலம் அவரைக் குலம், ஆனால் சத்துக் கணக்கில் பாதாம் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். கொழுப்பு அதிகம், மாவு குறைவு. அதனால்தான் உணவு ஆய்வுகளில் அதையும் நட்ஸோடு சேர்த்தே எண்ணுகிறார்கள்.

தீபாவளிக்கு வருகிறதே 'ட்ரை ஃப்ரூட்ஸ்' பெட்டி, அதைப்பற்றி ஒரு பத்தி. ஜரிகை வேலை செய்த பெட்டி, உள்ளே நாலு அறை. பாதாம், முந்திரி, உலர் திராட்சை, பேரீச்சை. "உங்களுக்குச் சர்க்கரைன்னு ஸ்வீட் வாங்கல அத்தை, ஹெல்தியா இது வாங்கினேன்" என்று கொடுக்கிறார்கள். பிள்ளையின் அன்பு எனக்குப் புரிகிறது. ஆனால் உலர் திராட்சையிலும் பேரீச்சையிலும் 100 கிராமுக்கு 75 கிராமுக்குமேல் மாவுச்சத்து, பெரும்பகுதி நேரடிச் சர்க்கரை. பாதிப் பெட்டி லட்டுதான், உருண்டை பிடிக்கவில்லை அவ்வளவே. அதே மாதிரி பாதாம் பால் பொடி. டப்பாவின் பின்பக்கம் உள்ள சிறிய எழுத்தைக் கண்ணாடி போட்டுப் படியுங்கள். முதலில் நிற்பது பெரும்பாலும் சர்க்கரை. மசாலா கடலை மேல் கடலை மாவும் அரிசி மாவும் போர்த்தியிருக்கிறது. கடலை உருண்டையில் பாதிக்குப் பாதி வெல்லம். வெல்லம், நாட்டுச்சர்க்கரை, கருப்பட்டி என்று யாரும் கீழே விவாதிக்க வர வேண்டாம், ரத்தத்துக்குள் போனால் எல்லாம் ஒரே வகுப்பு மாணவர்கள்.

இனி, எனக்கு வரப்போகும் பதில்கள்.

"வேர்க்கடலை கொழுப்பாச்சே, கொலஸ்ட்ரால் ஏறுமே?" கொலஸ்ட்ரால் என்பது விலங்கு உணவில் இருப்பது. எந்தச் செடியில் விளைந்த கொட்டையிலும் அது கிடையாது, வேர்க்கடலையிலும் இல்லை, பாதாமிலும் இல்லை. கொழுப்பு உண்டு, பாதிக்குப் பாதி உண்டு. ஆனால் பாதாமிலும் அதே பாதிக்குப் பாதிதான்! இரண்டிலும் பெரும்பகுதி இதயத்தைக் கெடுக்காத வகைக் கொழுப்பு. அப்புறம் ஏன் வேர்க்கடலைக்கு மட்டும் கெட்ட பெயர்? டி.வி. வந்த புதிதில் ரீஃபைண்டு எண்ணெய் விளம்பரங்களைப் பார்த்துவிட்டு, செக்கில் ஆட்டிய கடலெண்ணெயைத் தீண்டத்தகாததுபோல் ஒதுக்கினோமே, அப்போது ஒட்டிய அழுக்கு. இன்னும் போகவில்லை. பாதாமுக்கு விளம்பரம் செய்ய வாரியமே இருக்கிறது. உலகத்தில் விளையும் பாதாமில் ஏறக்குறைய 80 சதவீதம் கலிபோர்னியாவில் விளைகிறது, அவர்களுக்கு மிகப் பெரிய வெளிநாட்டுச் சந்தை நாம்தான். நம் மல்லாட்டைக்காக டி.வி.யில் பேச எந்த நடிகை வரப்போகிறார்?

"வேர்க்கடலை நல்லதுன்னு ஆராய்ச்சி இருக்கா டீச்சர்?" இருக்கிறது. 2015இல் வெளிவந்தது. அமெரிக்காவின் தென் மாநிலங்களில், பெரும்பாலும் வருமானம் குறைந்த கறுப்பின, வெள்ளையின மக்கள் 70,000 பேருக்குமேல், ஷாங்காய் நகரில் 1,30,000 பேருக்குமேல். பல வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். நட்ஸ் அதிகம் சாப்பிட்டவர்களிடம் மரணம், முக்கியமாக இதய நோய் மரணம், குறைவாக இருந்தது. அமெரிக்க ஏழைகள் சாப்பிட்ட 'நட்ஸ்' பெரும்பாலும் என்ன தெரியுமா? வேர்க்கடலை. ஷாங்காயில் வேர்க்கடலையைத் தனியாகவே கணக்கெடுத்தார்கள். இது தொடர்பைக் காட்டும் ஆய்வு, கடலைதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் பணக்காரக் கொட்டை தின்றால்தான் பலன் என்று சொல்பவர்களின் வாயை அடைக்க இது போதும்.

"பித்தம்." ஒரு கைப்பிடியில் என்ன பித்தம்? அரைப்படி தின்றால் பித்தம் என்ன, எல்லாம் வரும். அளவைப்பற்றி நான் கறாராகவே சொல்வேன். 30 கிராம் கடலையில் 170 கலோரி. மேலே சொன்ன நாலு பிஸ்கட்டில் 100தான். ஆமாம், கடலையில் கூடுதல். மாவுச்சத்து குறைவு என்பதற்காக டி.வி. முன்னால் தட்டோடு உட்கார்ந்து கால் கிலோவைக் காலி செய்தால் 1,400 கலோரி, ஒரு நாள் சாப்பாட்டில் பெரும்பங்கு போய்விடும். கிண்ணத்தில் அளந்து எடுத்து, டப்பாவை மூடி, பரணில் வைத்துவிட்டு வந்து உட்காருங்கள். எண்ணெயில் பொரித்தது வேண்டாம், மணலில் வறுத்தது அல்லது தோலோடு அவித்தது போதும். பிரஷர் உள்ளவர்கள் உப்பைத் தவிர்க்க வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் எந்தக் கொட்டையையும் தொடக்கூடாது. கடலை ஒவ்வாமை உள்ளவர்களுக்கு இந்தப் பதிவே கிடையாது. பேரப்பிள்ளைகளில் ஐந்து வயதுக்குக் கீழே உள்ளதுகளின் வாயில் முழுக் கடலையைப் போடாதீர்கள், மூச்சுக்குழலில் சிக்கும்.

இன்னும் ஒன்று. மற்றதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். இரண்டு வருடம் முன்னால் உறவில் ஒரு நிச்சயதார்த்தம். இன்சுலின் போடுகிற பெரியவர் ஒருவர். பந்தி தாமதமாகிவிட்டது. ஊசி போட்டுக்கொண்டு சாப்பிடாமல் காத்திருந்தவருக்கு வியர்த்துக் கொட்டுகிறது, கை நடுங்குகிறது, பேச்சு குழறுகிறது. சர்க்கரை இறங்கிவிட்டது. பக்கத்தில் இருந்தவர்கள் "சர்க்கரைக்காரருக்கு இனிப்பு குடுக்காதீங்க" என்று சொல்லி அவர் வாயில் பாதாமைத் திணித்துக்கொண்டிருந்தார்கள்! எதற்காக நட்ஸ் நல்லது என்கிறோமோ, அதே காரணத்தால் அந்த நேரத்தில் அது உதவாது. அது சர்க்கரையை வேகமாக ஏற்றாது. அந்த நிமிடத்தில் வேண்டியது சர்க்கரையேதான். மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுக்க வேண்டும். 15 நிமிடம் கழித்துப் பார்த்து, தெளியவில்லை என்றால் மறுபடி. நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108. அன்றைக்கு நான் பந்தி வைக்கிறவரிடம் சர்க்கரை கேட்டு ஓடியதைப் பார்த்து, "டீச்சருக்குப் புத்தி கெட்டுப்போச்சா" என்றார் ஒருவர். பெரியவர் கால் மணி நேரத்தில் எழுந்து உட்கார்ந்தார்.

இதோடு சேர்த்து: இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் என் பேச்சைக் கேட்டு ஒரே நாளில் சோற்றைப் பாதியாக்கிவிடாதீர்கள். மருந்தளவு பழைய சோற்றுக்குப் போட்டது. டாக்டரிடம் சொல்லிவிட்டுக் குறையுங்கள்.

கடலை வாங்கும்போது பூசணம் பிடித்தது, சுருங்கியது, நிறம் மாறியது, மென்றால் கசப்பது, இவற்றைப் பொறுக்கி எறியுங்கள். அந்தப் பூசணத்தில் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு உண்டு, கல்லீரலைக் கெடுக்கும், வறுத்தாலும் முழுசாகப் போகாது. மாட்டுக்கும் வைக்காதீர்கள், பாலில் வந்துவிடும். சரியாகக் காயவைக்காமல் ஈரத்தோடு மூட்டை கட்டினால் இது வரும், என்னிடம் படித்துவிட்டு இப்போது விவசாயம் பார்க்கிறவர்களுக்குத் தெரியாததில்லை.

அந்தச் சத்துணவு அம்மாவிடம் பஸ் வருவதற்குள் இவ்வளவையும் சொல்ல முடியவில்லை. "வீட்ல இருக்கிற மல்லாட்டையை வறுத்து, நாலு மணிக்கு ஒரு கை மட்டும் தின்னுங்க, வர்க்கியை விடுங்க, ராத்திரி சோத்தைக் குறைக்கிறதைப்பத்தி ஆஸ்பத்திரியில கேளுங்க" என்று மட்டும் சொன்னேன். "மல்லாட்டையா? அது நாங்க விக்கிறதாச்சே டீச்சர்" என்று சிரித்தார். போன வாரம் ஃபோன் செய்தேன். வர்க்கியை நிறுத்திவிட்டாராம். கால் புண் ஆறிக்கொண்டு வருகிறது என்றார். அது மருந்தால் ஆறுகிறது, கடலையால் இல்லை. யாரும் தலைப்புச் செய்தி போட்டு ஃபார்வர்டு செய்ய வேண்டாம்.

கீழே கருத்து எழுதுபவர்கள் தமிழில் எழுதுங்கள், எழுத்துப்பிழை இருந்தால் திருத்துவேன். திண்டிவனம், செஞ்சி பக்கம் இந்த முறை மல்லாட்டை போட்ட பிள்ளைகள் யாராவது இருந்தால், நன்றாகக் காய்ந்த காய் பத்துப் படி எனக்கு வேண்டும். டீச்சருக்குச் சும்மா கொடுக்கிறேன் என்று சொல்பவர்களிடம் வாங்க மாட்டேன், சந்தை விலைக்குத்தான்.